பிளனன் தீவு வெளிச்சவீடும் மூன்றாவது ஆளும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு 20 நிமிஷம் தந்திருக்கிறார்கள். தலைப்பை நீரே எடும் என்று செயலாளர் அண்ணை சொல்லிவிட்டார். ஒரு வெளிச்சவீட்டைப் பற்றிப் பேசப் போறன் எண்டன். "பருத்தித்துறையோ, காங்கேசன்துறையோ?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. நாங்கள் இப்போது வாழ்கின்ற இந்த நாட்டின் வடமேற்கு மூலையிலே, ஆட்கள் குடியிருக்காத ஒரு சின்னத்தீவில் இருக்கிற வெளிச்சவீடு. அங்கே வேலை பார்த்த மூன்று பேர் 1900ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் காணாமல் போனார்கள். எங்கட ஃபாக்டரியிலே ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் தேத்தண்ணி நேரத்திலே இந்தக் கதையைச் சொன்னார். பேய்க்கதையாகத்தான் சொன்னார். பிறகு நூலகத்திலே எடுத்து வாசித்துப் பார்த்தேன். பேயைக் காணவில்லை. நான் கண்டது ஒரு கோட்டு. அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் லூயிஸ் என்று ஒரு பெரிய தீவு. அதிலிருந்து மேற்கே ஏறக்குறைய 20 மைல் கடலுக்குள்ளே போனால் பிளனன் தீவுகள். ஏழு தீவு. பழைய ஆட்கள் அவற்றை "ஏழு வேட்டைக்காரர்" என்று சொல்லுவார்களாம். அதில் பெரியதன் பெயர் ஐலன் மோர். அந்த ஊர்ப் பாஷையிலே பெரிய தீவு என்று அர்த்தம். பெரிசு எண்டாலும் மொத்தம் 43 ஏக்கர்தான். சுற்றிவர செங்குத்தான பாறை, மேலே புல்லு. மரம் ஒன்றும் இல்லை, துறைமுகம் இல்லை. லூயிஸ் தீவுச் சனம் முன்பு ஆடுகளைக் கொண்டுவந்து மேயவிட்டார்கள். பழைய காலத்துச் சின்னத் தேவாலயம் ஒன்று கல்லுக்கூடாகக் கிடக்கிறது. நேர் மேற்கே போனால் இடையில் ஒன்றும் இல்லை, கனடாவின் லப்ரடோர் கரைதான்.

இந்தப் பாறையின் உச்சியிலே 75 அடிக் கோபுரம் கட்டினார்கள். வேலை 1895இல் தொடங்கியது. கல்லு, மணல், இரும்பு எல்லாவற்றையும் வள்ளத்திலிருந்து பாறைக்கு மேலே இழுத்து ஏற்றித்தான் கட்ட வேண்டியிருந்தது. காற்றும் கடலும் விட்ட நாளிலே மட்டும் வேலை. 1899 டிசெம்பர் 7ஆம் திகதி முதன்முதல் விளக்கு ஏற்றினார்கள். வரைபடம் போட்டவர் டேவிட் அலன் ஸ்டீவன்சன். "புதையல் தீவு" எழுதிய ஸ்டீவன்சனின் ஒன்றுவிட்ட சகோதரர் இவர். அந்தக் குடும்பமே தலைமுறை தலைமுறையாக வெளிச்சவீடு கட்டின குடும்பம். கோபுரம் இப்போதும் நிற்கிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் 1971இல் தானியங்கியாக மாற்றின பிறகு அங்கே ஆள் இல்லை.

ஆள் இருந்த காலத்திலே நான்கு பேர் முறை வைத்து வேலை செய்தார்கள். மூன்று பேர் தீவிலே, ஒருவர் லூயிஸ் தீவின் பிரெஸ்கிளீற் என்ற ஊரிலே ஓய்வில். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கப்பல் வரும், ஒருவர் இறங்க ஒருவர் ஏறுவார், சாப்பாட்டுச் சாமானும் வரும். காலநிலை சரியில்லை எண்டால் கப்பல் வராது, அவ்வளவுதான். தீவிலே தந்தி கிடையாது, வயர்லெஸ் கிடையாது. ஏதும் ஆபத்து என்றால் கோபுரத்துக்குப் பக்கத்திலே உருண்டையான அடையாளங்களைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்க்க லூயிஸ் கரையிலே ஒரு வேட்டைக் காவலரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அவர் தினமும் பார்த்து, கண்டது காணாதது எல்லாம் கொப்பியிலே எழுதுவார். இந்தக் கொப்பியை மறக்காமல் வைத்திருங்கோ.

1900 டிசெம்பரிலே தீவில் இருந்தவர்கள் மூவர். தலைமைக் காவலர் ஜேம்ஸ் டுக்கற், 43 வயது, 20 வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர், மனைவியும் நான்கு பிள்ளைகளும். இரண்டாவது உதவியாளர் தோமஸ் மார்ஷல், இளந்தாரி, கலியாணம் முடிக்கவில்லை. முதல் உதவியாளராக இருந்திருக்க வேண்டியவர் வில்லியம் ரோஸ். அவர் சுகவீன லீவிலே நின்றார். அவருக்குப் பதிலாக டொனால்ட் மக்ஆர்தர் என்ற உள்ளூர்க்காரரை அனுப்பியிருந்தார்கள். அவருடைய சொந்தத் தொழில் தையல். மனைவியும் இரண்டு பிள்ளைகளும். இப்படித் தேவைக்குக் கூப்பிடுகிற ஆளுக்கு அங்கே வைத்த பெயரை எங்கட பாஷையிலே சொன்னால் "அமைய ஆள்". ஆஸ்பத்திரி வாகனம் வந்து ஒருத்தரை ஏற்றிக்கொண்டு போனதும், அடுத்த நாள் காலமை அதே மெஷினுக்கு முன்னாலே வேறொருத்தர் நிற்பாரே, அவர்தான். இந்தச் சபையிலே ஏஜென்சியாலே வேலைக்குப் போய் வந்த ஆட்களுக்கு இதற்கு மேலே விளக்கம் தேவையில்லை.

டிசெம்பர் 7ஆம் திகதி மேலதிகாரி ரொபேட் முயர்ஹெட் தீவுக்கு வந்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து, மூவருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். அவர்களுக்குக் கடைசியாகக் கைகொடுத்த ஆள் தான்தான் என்று பிறகு அவரே தன் அறிக்கையிலே துக்கத்தோடு எழுதினார். அதற்குப் பிறகு கரையிலிருந்து பார்த்த வேட்டைக் காவலரின் கொப்பி சொல்கிறது: 7ஆம் திகதி இரவு வெளிச்சம் தெரிந்தது. 8, 9, 10, 11 தெரியவில்லை. 12ஆம் திகதி தெரிந்தது. பிறகு தெரியவில்லை. 20 மைல் தூரம், மாரிகாலம், புகார். வெளிச்சம் தெரியாமல் இருப்பது அங்கே புதினம் இல்லை. அதனாலே ஒருவரும் பதறவில்லை. 15ஆம் திகதி நள்ளிரவு ஆர்க்ரர் என்ற கப்பல் அந்தப் பக்கமாகப் போனது. தெரிய வேண்டிய இடத்திலே வெளிச்சம் இல்லை என்று அதன் கப்டன் கண்டார். அந்தச் செய்தி போக வேண்டிய இடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

20ஆம் திகதி வர வேண்டிய ஹெஸ்பெரஸ் கப்பல் கடல் விடாமல் நத்தாருக்கு அடுத்த நாள், 26ஆம் திகதி மத்தியானம்தான் வந்தது. வழக்கமாகக் கொடி ஏறும், வெறும் பெட்டிகளை இறங்குதுறைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு ஆட்கள் காத்து நிற்பார்கள். அன்று ஒன்றும் இல்லை. கப்டன் ஹார்வி சங்கு ஊதினார், வாணம் விட்டார். அசுமாத்தம் இல்லை. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பி வந்த நாலாவது ஆள் ஜோசப் மூர் தனியக் கரையிலே இறங்கி மேலே ஓடினார். படலை சாத்தியிருந்தது. வெளிக்கதவும் சாத்தியிருந்தது. குசினிக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பு மூட்டிப் பல நாள். காலமை எழும்பினபடியே படுக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. மணிக்கூடு நின்று போயிருந்தது. மூர் திரும்பி இறங்கி ஓடிவந்து, கப்பல் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய் மூலை முடுக்கெல்லாம் தேடினார். ஒருவரும் இல்லை.

அன்று கப்டன் ஹார்வி வெளிச்சவீட்டுச் சபைக்குத் தந்தி அடித்தார். பயங்கரமான விபத்து ஒன்று நடந்துவிட்டது, மூன்று காவலர்கள் தீவிலே இல்லை என்று அதிலே சொல்கிறார். டுக்கற் என்று ஒரு பெயர், மார்ஷல் என்று ஒரு பெயர். மூன்றாவது ஆளுக்குப் பெயர் இல்லை. "அமைய ஆள்" என்று மட்டும் இருக்கிறது. கப்டனிலே நான் குற்றம் சொல்லவில்லை. அவசரத்திலே அடித்த தந்தி. பதில் ஆளின் பெயர் அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த வரியை நான் தாண்டிப் போக முடியாமல் கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

29ஆம் திகதி முயர்ஹெட் மறுபடியும் தீவுக்கு வந்தார். டுக்கற்றையும் மார்ஷலையும் அந்த முக்கியமான இடத்துக்குச் சிபாரிசு செய்தவரும் இவர்தான். இவர் எப்படி ஆராய்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையிலே எனக்குப் பிடித்த பகுதி அது.

தினசரிக் குறிப்பேடு 13ஆம் திகதி வரை முறையாக எழுதியிருந்தது. அதற்குப் பிறகு உள்ளது சிலேட்டிலே இருந்தது. 15ஆம் திகதி சனிக்கிழமை காலை 9 மணி வரை காற்று, காற்றழுத்தம், வெப்பநிலை எல்லாம் குறித்திருந்தது. விளக்கின் திரி சரிபண்ணி, எண்ணெய் நிரப்பி, கண்ணாடி துடைத்திருந்தது. ஜாம் போத்தல் விளக்கிலே படித்த ஆட்கள் இங்கே கனபேர் இருக்கிறியள். இரவு எரிந்த விளக்கின் கரியை எப்ப துடைக்கிறது? விடிந்த பிறகுதானே. ஆகவே 15ஆம் திகதி காலமை வேலை முழுதும் முடிந்திருக்கிறது. குசினியிலே சட்டி பானை எல்லாம் கழுவித் துப்புரவாக இருந்தது. ஆகவே மத்தியானச் சாப்பாடும் முடிந்திருக்கிறது. அன்றிரவு கப்பல்காரனுக்கு வெளிச்சம் தெரியவில்லை. ஆகவே பொழுதுபட முன்னம் ஏதோ நடந்திருக்கிறது. பார்த்தீர்களா, ஒரு சிலேட்டும் சட்டிபானையும் வைத்துக்கொண்டு நாளையும் நேரத்தையும் பிடித்துவிட்டார்.

பிறகு உடுப்பு. டுக்கற்றின் கடல் பூட்ஸும் மழைக்கோட்டும் இல்லை. மார்ஷலின் பூட்ஸும் எண்ணெய்த் துணி உடுப்பும் இல்லை. இறங்குதுறைக்குப் போகும்போது மட்டும்தான் அவர்கள் அதைப் போடுவார்கள். மூன்றாவது ஆள் மக்ஆர்தரின் கோட்டு மட்டும் வீட்டுக்குள்ளே இருந்தது. டிசெம்பர் மாதம், அத்திலாந்திக் கடலுக்கு நடுவிலே, அந்த மனிதன் வெறும் சேட்டோடு வெளியே போயிருக்கிறார்.

அடுத்தது மேற்கு இறங்குதுறை. தீவுக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு துறை. கிழக்குப் பக்கம் ஒரு சேதமும் இல்லை. மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தவர், கண்ணாலே காணாமல் நம்ப முடியாது என்று எழுதினார். கடல்மட்டத்திலிருந்து 110 அடி உயரத்திலே, பாறைப் பிளவுக்குள்ளே கயிறுகள் வைத்திருந்த மரப்பெட்டி உடைந்து, கயிறுகள் கீழே பாறையெல்லாம் சிதறிக் கிடந்தன. இரும்பு வேலி வளைந்திருந்தது. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கல்லு இடம் பெயர்ந்து கிடந்தது. இன்னும் மேலே, 200 அடி உயரத்திலே, புற்றரை பிய்ந்திருந்தது.

110 அடி எண்டால் என்ன? நல்லா வளர்ந்த ஒரு பனைக்கு மேலே அரைப் பனை வைத்த உயரம். பாக்குநீரிணைக் கடலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது நம்பக் கஷ்டம். எங்கட கடல் ஆழமில்லாதது, முன்னாலே முருகைக் கல்லும் காவல் நிற்கும். அங்கே அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான மைல் தடையில்லாமல் உருண்டு வருகிற அலை. போதாக்குறைக்கு அந்த மேற்குத் துறைக்குப் பக்கத்திலே பாறை ஒடுங்கின வாய்க்கால் மாதிரிப் பிளந்து, உள்ளே குகையாக முடிகிறது. பெரிய அலை அந்தப் பிளவுக்குள்ளே அடைபட்டால் போக வழியில்லை. மேலேதான் எழும்பும். வாளித் தண்ணியைச் சுவர் மூலையிலே எறிந்து பாருங்கோ, முகத்திலேதான் வந்து அடிக்கும்.

1901 ஜனவரி 8ஆம் திகதி முயர்ஹெட் அறிக்கை எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை பின்னேரம் மூவரும் மேற்குத் துறைப் பக்கம், அந்தக் கயிற்றுப் பெட்டியைப் பாதுகாக்கப் போயிருக்கிறார்கள், எதிர்பாராத பெரிய அலை ஒன்று மேலே ஏறி அவர்களை இழுத்துப் போயிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. உடல்கள் கிடைக்கவில்லை. கண்ணாலே கண்ட சாட்சியும் இல்லை. ஆகவே இதுவும் ஊகம்தான். ஆனால் பார்த்ததிலிருந்து கட்டின ஊகம்.

இந்த இடத்திலே ஒரு வார்த்தை. 26ஆம் திகதி ஆட்கள் இல்லை என்று கண்டார்கள். அடுத்த 13 நாளிலே பொறுப்பானவர் தானே கடல் கடந்து போய், பார்த்து, எழுதி, கையெழுத்து வைத்து அறிக்கை கொடுத்துவிட்டார். 1901ஆம் ஆண்டிலே. இரண்டு விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் எலும்பு கிடைக்கவில்லை, ஒரு கடதாசி கிடைத்தது. 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னாலே படத்தை மடியிலே வைத்துக்கொண்டு இருக்கத் தொடங்கிய தாய்மார் கேட்டதும் அதைத்தான். இதை நான் நீட்டவில்லை. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்ல முடியாது.

சரி, அந்தக் கோட்டுக்கு வருவோம். வெளிச்சவீட்டிலே ஓர் ஆளாவது நிற்க வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு பேரும் ஒழுங்காக உடுத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் உள்ளே நின்றிருக்கிறார். பிறகு ஏன் கோட்டுப் போட நேரமில்லாமல் ஓடினார்? 1950களிலே அதே தீவிலே வேலை செய்த ஒரு காவலர் அந்த அலைகளைக் கனகாலம் கவனித்துப் பார்த்துவிட்டு ஒரு விளக்கம் சொன்னார். முதலிலே ஒருவரை அலை அடித்துக்கொண்டு போயிருக்கும். மற்றவர் உதவிக்கு ஆள் கூப்பிட மேலே ஓடி வந்திருப்பார். உள்ளே இருந்தவர் அப்படியே எழும்பி ஓடியிருப்பார். இரண்டு பேரும் கீழே நிற்கும்போது அடுத்த அலை வந்திருக்கும். பெரிய அலை தனியே வருவதில்லை, அது உங்களிலே கடற்தொழில் செய்த ஆட்களுக்குத் தெரியும்.

நான் இதை நம்புகிறேன். படலையும் கதவும் சாத்தியிருந்ததே, அவசரமாக ஓடினவன் சாத்துவானா என்று வாசித்த ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தீவின் காற்றிலே கதவைச் சாத்துவது கைப்பழக்கமாகப் போயிருக்கும் என்பது என் பதில். காற்றே அடித்துச் சாத்தியும் இருக்கலாம். ஆனால் கோட்டு போட மறக்கிற குளிர் அங்கே இல்லை. கோட்டை விட்டுவிட்டு ஒருவன் ஓடினான் எண்டால், யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.

இனி இந்த மனிதனுக்கு உலகம் என்ன செய்தது என்று பாருங்கோ. 1912இல் கிப்சன் என்ற ஆங்கிலக் கவிஞர் இந்தத் தீவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதிலே மேசையிலே தொடாத சாப்பாடு, விழுந்து கிடக்கிற கதிரை. மூர் தன் கைப்பட எழுதின கடிதத்திலே விழுந்த கதிரை என்று ஒரு சொல் இல்லை, கழுவின சட்டிதான் இருக்கிறது. ஆனால் கதிரைதான் நிலைத்தது. பள்ளிக்கூடங்களிலே அந்தக் கவிதையைத்தான் படிப்பித்தார்கள். கவிஞரையாவது மன்னிக்கலாம், கவிதை கவிதைதானே.

1929இலே ஒரு மலிவான அமெரிக்கச் சஞ்சிகையிலே வந்ததை என்னாலே மன்னிக்க முடியவில்லை. காவலர்களின் குறிப்பேட்டிலே இருந்தது என்று சொல்லிச் சில வரிகள் போட்டார்கள். மார்ஷல் எழுதினதாம். வாழ்நாளிலே காணாத புயலாம். டுக்கற் பேசாமல் இருக்கிறாராம். மக்ஆர்தர் அழுகிறாராம். பிறகு எல்லோரும் கும்பிட்டார்களாம். பிற்காலத்திலே ஆராய்ந்தவர்கள் இது கட்டுக்கதை என்று காட்டிவிட்டார்கள். புயல் உச்சத்திலே இருந்ததாகச் சொல்கிற 12ஆம் திகதி இரவுதான் கரையிலிருந்து வெளிச்சத்தைக் கண்டதாக அந்த வேட்டைக் காவலரின் கொப்பியிலே இருக்கிறது. அதோடு, அரசாங்கக் குறிப்பேட்டிலே தன் மேலாள் பேசாமல் இருக்கிறார், மற்றவர் அழுகிறார் என்று எந்த வேலையாள் எழுதுவான்? எங்கட லைன் சுப்பவைசர் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறார் என்று நான் ஷிவ்ற் கொப்பியிலே எழுதினால் என்ன நடக்கும்?

ஆனாலும் அந்தப் பொய் வரிகள்தான் புத்தகம் புத்தகமாக ஏறி இன்றைக்கும் ஓடுகின்றன. கடற்பூதம் என்கிறார்கள், ஒற்றர்கள் என்கிறார்கள், ஒருத்தருக்குப் பைத்தியம் பிடித்து மற்ற இரண்டு பேரையும் கொன்றார் என்கிறார்கள். 1980இல் ஓப்பரா வந்தது. 2018இல் படம் வந்தது, அதிலே தங்கக்கட்டிக்காக அடிபடுகிறார்கள். பைத்தியக்காரப் பாகத்தை யாருக்குக் கொடுப்பது என்று வந்தால் பெரும்பாலும் பதில் ஆளுக்குத்தான் கொடுக்கிறார்கள். நிரந்தரமாக இருந்தவன் இல்லைத்தானே, அவனைப் பற்றி என்னவும் சொல்லலாம்.

கூப்பிட்ட குரலுக்குக் கோட்டையும் எடுக்காமல் ஓடின மனிதனை, மூலையிலே இருந்து அழுதவனாக ஆக்கிவிட்டார்கள். அவருடைய பெயர் டொனால்ட் மக்ஆர்தர். உங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலே இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தால் இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கோ.

கடைசியாக ஜோசப் மூரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஒன்றாகச் சாப்பிட்டுப் படுத்த மூன்று பேர் இல்லாமல் போன வீட்டிலே அன்றிரவு அவர் தங்க வேண்டியிருந்தது. கப்பலிலிருந்து மூன்று பேர் கூட நிற்க முன்வந்தார்கள். பிறகு அவருடைய நிலையைப் பார்த்த முயர்ஹெட், இந்த நடுக்கம் போகாவிட்டால் ஆளை இடம் மாற்றத்தான் வேண்டும், ஆனால் இங்கத்தைய வேலை தெரிந்த ஓர் ஆளாவது வேண்டுமே என்று எழுதுகிறார். மேலதிகாரி எப்பவும் மேலதிகாரிதான். ஆனால் அந்த 26ஆம் திகதி இரவு, நடுங்கிக்கொண்டோ நடுங்காமலோ, மூர் மேலே ஏறி, அவர்கள் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருந்த விளக்கை ஏற்றினார். லூயிஸ் கரையிலே வேட்டைக் காவலர் தன் கொப்பியை எடுத்து, 12ஆம் திகதிக்குப் பிறகு முதல் தடவையாக, வெளிச்சம் தெரிகிறது என்று எழுதினார்.